படைத்தொழில் நீங்கினாரும் கம்பியில்லாத் தந்தியும்

ஊர்க்கு இடுக்கண் நேர்ந்துழி வேண்டப்படுவன உணவும் உடையும் உறையுளும் என்பர். இன்ன இடத்திற்கு இத்துணை வேண்டும் என்னுஞ் செய்தி முன்னர்ச் சென்றாலன்றி அவை சென்று சேரா. ஆதலின் செய்தியே முதலுதவி என்பது எம் துணிபு.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜாப் புயல் வேதாரணியத்தினருகே கரை கடந்த ஞான்று எம்முட் சிலர் பள்ளிச் சிறுவர். தென்னையும் மின்கம்பமும் ஒருங்கே சாய்ந்தன, கைப்பேசிகள் ஊமையாயின. உற்றார் நிலை அறியாது கழித்த அவ்விரவுகளை யாம் இன்னும் மறந்திலேம்.

எல்லார் கையிலும் கைப்பேசி உள்ள இக்காலத்துக் கம்பியில்லாத் தந்தி எற்றுக்கு என வினவுவாருளர். கைப்பேசி தனித்து நின்று பேசுவதன்று. கோபுரமும் மின்சாரமும் இடைநின்று உதவல் வேண்டும். அமெச்சூர் வானொலியாளரோ ஒரு மோட்டார் பாட்டரியும், மரங்களுக்கிடையே கட்டிய கம்பியும், ஒரு சிறு கருவியுங் கொண்டு கடல் கடந்தும் பேச வல்லர். அவர் அரசாங்கத் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர். தொண்டிற்குக் கூலி கொள்ளாதவர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, பாரதி பிரசாத் அம்மையார் தலைமையில் உலகத்து அமெச்சூர்களோடு உரையாடுதற்கெனப் போர்ட் பிளேயர் சென்றிருந்த குழுவினர், அப்பொழுதுபோக்கை விடுத்துத் தம் கருவிகளைத் துயருற்றோர் செய்திக்கே உரியவாக்கினர்.

இத்தொண்டிற்கு மிக உரியார் யாவர்? படையிற் செய்தித்தொழில் பயின்று ஓய்வு பெற்றோரே என்போம். வேண்டுவன மட்டும் கூறல், கேட்டதை ஒரு சொல்லும் பிறழாது எழுதல், பிறர் பேசுங்கால் வாய்வாளாமை, இடுக்கணிற் பதறாமை ஆகிய இவை நூலாற் பெறப்படுவன அல்ல. பல்லாண்டுப் பயிற்சியால் வருவன.

இவ்வுறவு புதிதுமன்று. 1939இல் போர் மூண்டபோது பிரிட்டனில் அமெச்சூர்களின் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. அவருட் பலர் படைகளிற் செய்தியாளராயினர். 1946இல் உரிமங்கள் மீண்டபின், படையிற் பயின்றோர் பலர் இக்கலையைத் தொடர்ந்தனர். படை கழித்த கருவிகளும் மலிவாய்க் கிடைத்தன. 1953 ஜனவரி 31ஆம் நாளிரவு வடகடல் பொங்கி அந்நாட்டின் கீழ்க்கரையை அழித்தபின் ரேநெட் என்னும் இடர்க்கால வானொலி அமைப்புத் தோன்றிற்று. கடற்படையினர்க்கு 1960இலும், தரைப்படைச் செய்திப்பிரிவினர்க்கு 1961இலும் அமெச்சூர் சங்கங்கள் ஏற்பட்டன.

நிற்க. நம் நாட்டு நிலை யாது? படையிற் பணிபுரிந்து மீண்டோர் பலர் வங்கி வாயிலிலும் கடை வாயிலிலும் காவலராய் நிற்றலை நாடோறும் காண்கின்றோம். அத்தொழிலை யாம் இழித்துரைக்கவில்லை. ஆயினும் செய்தித்தொழில் வல்லாரும் அவருள் இருப்பாரன்றோ? அன்னார் அறிவை அடுத்த புயல் வருமளவும் கேளாதிருத்தல் நம் பிழையேயன்றி அவர் பிழையன்று.

ஆணையிட்டுப் பழகியவர் ஊராரோடு ஒத்துப்போவரோ என ஐயுறுவர் சிலர். வானொலி வலையில் முறை வகுப்பவன் ஒருவனே. அவன் இளைஞனாயினும் முதியோன் அடங்கியே பேசல் வேண்டும். படையிற் பயின்றவர்க்கு இவ்வடக்கம் அரிதன்று, நமக்கே அரிது.

ஆகலின் மாணவ நண்பர்காள், நம் கல்லூரியில் அமெச்சூர் வானொலிக் கழகம் ஒன்று அமைதல் வேண்டும். மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நாடிச் செய்தித்தொழில் வல்லாரை ஆசிரியராக அழைப்போம். பௌதிக மாணவர் கருவி செய்க. யாம் தமிழ் மாணவர் சொற்சுருக்கம் பயில்வோம். திங்கட்கொருமுறை மின்சாரமின்றிப் பயிற்சி நடைபெறுக. புயல் வந்தபின் கம்பி கட்டத் தொடங்குவோன் தாகமெடுத்தபின் கிணறு வெட்டுவோனை ஒப்பன். கார்த்திகை ஆண்டுதோறும் வருகின்றது. நாம் ஆயத்தமாய் உள்ளோமா?