புது சாமிக்கு வளைவு எதுக்கு?

பங்குக்குப் புது சாமி வாறார் என்றதும், அவருக்கு முன்னமே நோட்டுப் புத்தகம் லயத்துக்கு வந்துவிடும். வீட்டுக்கு இவ்வளவு. வளைவு, பொன்னாடை, பேண்ட் வாத்தியம், பகல் சாப்பாடு. போகிற சாமிக்கு இன்னொரு நோட்டு.

வட்டகொடைப் பக்கம் கொழுந்து கிலோ குறைஞ்சா எங்க அம்மாமாருக்கு அரைப்பேர்தான் விழும். 2015இல் கேட்ட ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை 2021 வரை இழுத்தடித்தார்கள். அந்தக் காசில்தான் வளைவு நிற்கிறது. கோயில்ல பேர் வாசிப்பாங்களே என்ற வெட்கத்தில் கொடுப்பதைக் காணிக்கை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

சாமி மேல் கோபமில்லை. அவர் வளைவு கேட்கவே இல்லை. கேட்பது பங்குப் பேரவையில் இருக்கிற நம்ம பெரியவங்கதான். மரியாதையாம்! துரைக்கு மாலை போட்டுப் பழகின கை, வேறென்ன.

கண்டியில் 1972இல் சத்தியோதயத்தைத் தொடங்கியவர் இயேசு சபைக் குரு பவுல் கஸ்பர்ஸ். தோட்டத்து மக்களின் குடியுரிமைக்கும் கூலிக்கும் எழுதினார், பேசினார், கூடவே நின்றார். 2017இல் இறந்த அவரை இன்றும் பேசுகிறோமே, யாராவது அவருக்குக் கட்டிய வளைவைப் பற்றிப் பேசுகிறார்களா?

புது சாமி வரட்டும், சந்தோஷம். முதல் பூசை முடிந்ததும் லயத்துக்கு நடந்து வரட்டும். ஒழுகுற தகரத்தையும் பைப்படி வரிசையையும் பார்க்கட்டும். அடுத்த நாள் காலையில் பெரட்டுக்களத்துக்கும் ஒருதரம் வந்து நிற்கட்டும், துரை பார்க்கிற மாதிரி. தேத்தண்ணி எங்க வீட்டில் குடிக்கலாம்.

இந்த முறை நோட்டு வந்தால் எங்க வீட்டுப் பேரை எழுத வேண்டாம். பெரியவங்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டோம்.