சிறை மாளிகை பேசட்டும்!

கொடைக்கானல் மலைமீது ஒரு வானாய்வுக் கூடம் இருக்கிறது. 1904ஆம் ஆண்டிலிருந்து கதிரவனைப் படம் பிடித்துவரும் கூடம் அது. எந்த நாளில் கதிரவன் முகத்தில் எத்தனை புள்ளி தோன்றிற்று, எங்கே தோன்றிற்று, எப்போது மறைந்தது என்பதை நூறாண்டுக்கு மேலாக அங்கே பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும் இன்று கணினிக்கு மாற்றப்பட்டு, உலகத்து அறிஞர்கள் எடுத்துப் பார்க்கும்படி இருக்கின்றன. நல்ல காரியம்! பாராட்டுகிறோம்.

15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கதிரவனின் கறையைக் கணக்கெடுத்தோம். ஆனால் அதே ஊரில், ஒரு மாளிகையில், வழக்கும் இல்லாமல் தீர்ப்பும் இல்லாமல் ஒரு மனிதர் அடைத்துவைக்கப்பட்டாரே, அந்தக் கறையின் கணக்கைக் கேட்டு எத்தனை பேர் குரல் கொடுத்தோம்?

அந்த மனிதர் ஷேக் அப்துல்லா. காஷ்மீரச் சிங்கம் என்று அம்மக்களால் அழைக்கப்பட்டவர். மன்னராட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். பின்னர் இந்திய நாட்டு அரசே அவரைச் சிறையில் தள்ளிற்று. 1953 ஆகஸ்டில் அவரது ஆட்சி கலைக்கப்பட்டது. அவர் கைது செய்யப்பட்டார். 1958இல் சில மாதங்கள் வெளியே; மீண்டும் உள்ளே. சதி வழக்கு ஒன்று தொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்தார்கள். 1964 ஏப்ரலில் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டு விடுவித்தார்கள். குற்றம் மெய்யானால் வழக்கு ஏன் கைவிடப்பட்டது? மெய்யில்லையானால் பறிபோன பத்தாண்டுக்கு யார் பொறுப்பு?

அத்துடன் முடிந்ததா? இல்லை. 1965இல் மெக்கா பயணம் சென்றவர், வழியில் அல்ஜீரிய நாட்டில் சீனத் தலைமை அமைச்சர் சூ என்லாயைச் சந்தித்தார். மே மாதம் 8ஆம் நாள் டில்லி விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் கைது! காஷ்மீரத்தில் வைத்தால் மக்கள் கூடுவார்கள், டில்லியில் வைத்தால் செய்தியாளர் கூடுவார்கள் என்று எண்ணினார்களோ என்னவோ, நாட்டின் மறுகோடியில் இருக்கும் தமிழகத்து மலைகளுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் உதகை. பிறகு கொடைக்கானல். கோகினூர் என்று ஊரார் சொல்லும் மாளிகையில் காவல். 1968 ஜனவரியில்தான் முழு விடுதலை. பிடித்துவைத்த அதே அரசு 1975இல் அவரோடு உடன்பாடு செய்துகொண்டது. அவர் மீண்டும் முதலமைச்சரானார்!

அவரது அரசியலை முழுவதும் ஒப்புக்கொண்டுதான் இதைக் கேட்கவேண்டும் என்பதில்லை. எதிர்க்கருத்து உடையவரும் கேட்கலாம், கேட்கவேண்டும். சீனச் சண்டைக்காக 1962 அக்டோபரில் கொண்டுவந்த நெருக்கடி நிலையை, சண்டை ஒரு மாதத்தில் நின்ற பிறகும், 1968 ஜனவரி வரை நீட்டித்தார்கள். அதே பாதுகாப்பு விதிகள்தாம் 1964 கடைசியில் இடது கம்யூனிஸ்டுத் தோழர்கள் மீதும், 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்தவர்கள் மீதும் பாய்ந்தன. காஷ்மீரத்துத் தலைவருக்குப் பூட்டிய பூட்டும் தமிழகத்துத் தொண்டனுக்குப் பூட்டிய பூட்டும் ஒரே கொல்லன் அடித்தவை.

இனி, தோழர்கள் கவனிக்கவேண்டிய செய்திக்கு வருகிறோம். இந்தக் கதையின் ஒரு முனை கொடைக்கானலில் இருக்கிறது. மறுமுனை எங்கே? அமெரிக்காவில்!

1950 செப்டம்பரில் அமெரிக்கத் தூதர் லாய் ஹெண்டர்சன் காஷ்மீரம் சென்றார், அப்துல்லாவோடு பேசினார். காஷ்மீரம் தனித்து இருப்பதே நல்லது என்று அவர் கருதுவதாக வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார். 1953 மே மாதத்தில் அட்லாய் ஸ்டீவன்சன் வந்தார். அவர் யார்? 1952 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஐசனோவரிடம் தோற்றவர். 1956இல் மறுபடி நின்று மறுபடி தோற்கப்போகிறவர். ஸ்ரீநகரில் அவரும் அப்துல்லாவும் மணிக்கணக்கில் தனியே பேசினார்கள். மூன்று மாதத்தில் அப்துல்லா கைதானார். அமெரிக்கன் தூபம் போட்டான், தனி நாட்டு ஆசை காட்டினான் என்று டில்லியில் பேச்சு எழுந்தது. அப்படி எந்த யோசனையும் நான் சொல்லவில்லை என்று ஸ்டீவன்சன் மறுத்தார். அப்துல்லா தென்னாட்டுக் காவலில் இருந்த 1965 ஜூலையில் அவர் லண்டன் தெருவில் விழுந்து இறந்தார்.

யார் சொன்னது உண்மை? வதந்தியா, மறுப்பா? முடிவு செய்ய ஒரே வழி, காகிதங்களைப் பார்ப்பது. ஹெண்டர்சனின் தந்தியை அமெரிக்க அரசே 1970களில் அச்சிட்டு வெளியிட்டுவிட்டது. ஸ்டீவன்சனின் கடிதக் கட்டுகள் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் இருக்கின்றன. நம் நாட்டு மாணவன் ஒருவன், நம் நாட்டு மலையில் அடைபட்ட மனிதரைப் பற்றி அறிய, கடல் கடந்து போகவேண்டும். வெட்கமாக இல்லையா?

இது ஒன்றுதானா? 1962 நவம்பர் 19ஆம் நாள், சீனப் படை முன்னேறி வந்த வேளையில், பண்டித நேரு கென்னடிக்கு இரண்டு மடல் எழுதினார். அமெரிக்க விமானப் படையின் துணை வேண்டுமென்று கேட்டார். அந்த மடல்களின் முழு வாசகத்தை இந்தியர் படித்தது பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகத்தின் வழியாகத்தான். எழுதிய கை நம்முடையது. ஏடு திறந்தது அவர்களிடம்.

சோற்றுக்கும் இதே கதை. 1965, 66ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. நம் தாய்மார்கள் பங்கீட்டுக் கடை வாசலில் கால்கடுக்க நின்றார்கள். அங்கே வெள்ளை மாளிகையில் ஜான்சன் உட்கார்ந்துகொண்டு, அடுத்த கப்பலை விடலாமா, நிறுத்தலாமா என்று தாமே பார்த்துப் பார்த்து ஒப்பமிட்டார். கோவை மாவட்டத்துக்காரரான உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் 1965 நவம்பரில் ரோமாபுரியில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃப்ரீமனைச் சந்தித்து, வேளாண் கொள்கையில் செய்யவேண்டிய மாறுதல்களுக்கு உடன்பட்டார். வியட்நாம் போரை இந்தியா கண்டித்தது ஜான்சனுக்குக் கசந்தது, கப்பல் தாமதமாயிற்று. இவையெல்லாம் ஆஸ்டின் நகரத்து ஜான்சன் நூலகத்தில் குறிப்புகளாகவும், உடனிருந்தோர் வாய்மொழியாகவும் கிடக்கின்றன. ரேஷன் வரிசையில் நின்ற தாயின் வாய்மொழியை யார் கேட்டு எழுதினோம்?

அமெரிக்கர் இதை எப்படிச் செய்தார்கள் என்பதையும் அறிந்துகொள்வோம். ரூஸ்வெல்ட் தம் காகிதங்களை நாட்டுக்கே கொடுத்தார். 1941இல் அவர் நூலகம் திறந்தது. ட்ரூமன் நூலகம் 1957இல் வந்தது. 1948இல் கொலம்பியா பல்கலைக் கழகம், அரசியலில் உழன்றவர்களை உட்காரவைத்துப் பேசச்சொல்லிப் பதியத் தொடங்கிற்று. கென்னடி சுடப்பட்ட மறு ஆண்டே, அவரோடு பழகியவர்களின் நினைவுகளைத் திரட்டத் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பேசினார்கள். அமைச்சரை மட்டுமா கேட்டார்கள்? வெள்ளை மாளிகை வாயிற்காப்பாளரையும் கேட்டார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட செவிலியையும் கேட்டார்கள்.

அமெரிக்க ஆளும் கூட்டம் அவ்வளவு நல்லதா என்று தோழர்கள் கேட்கலாம். நல்லதென்று நாம் சொல்லவில்லை! நிக்சன் தம் ஒலிநாடாக்களை ஒளிக்கப் பார்த்தார். 1974இல் நீதிமன்றம் பிடுங்கிற்று, பதவியும் போயிற்று. அதற்குப் பிறகுதான், 1978இல், குடியரசுத் தலைவரின் காகிதம் அவர் வீட்டுச் சொத்தல்ல, நாட்டின் சொத்து என்று சட்டம் செய்தார்கள். ஆள்வோர் மனமுவந்து கொடுத்ததல்ல அது. மக்கள் கேட்டு வாங்கியது. நாம் கற்கவேண்டிய பாடமும் அதுதான்.

கோப்பைத் திறந்தால் நாட்டுப் பாதுகாப்பு என்னாகும் என்பார்கள். அப்துல்லா மறைந்தது 1982இல். அவரைப் பிடித்தவர்களும் மறைந்தார்கள். பிடிக்கப் பயன்பட்ட விதிகளும் மறைந்தன. காவல்காரன் எத்தனை பேர், வந்த மடல்களில் எவை நிறுத்தப்பட்டன, யார் பார்க்க அனுமதி கேட்டார்கள் என்பது தெரிந்தால் எந்த எல்லைக் கோடு அழிந்துவிடும்?

கிழவர்கள் சொல்வதெல்லாம் வரலாறாகுமா என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நினைவு தடுமாறும், தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும், நாளை மாற்றிச் சொல்லும். ஆகவேதான் காகிதமும் வேண்டும், வாய்மொழியும் வேண்டும் என்கிறோம். காகிதம் அதிகாரி எழுதியது. அவனுக்கும் மறைக்க ஏதாவது இருக்கும். ஒன்றை ஒன்றோடு உரசிப் பார்த்தால்தான் பொன் எது, பித்தளை எது என்று தெரியும்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 1993இல் பொது ஆவணச் சட்டம் வந்தது. 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. எழும்பூரில் நூறாண்டு கண்ட ஆவணக் காப்பகம் இருக்கிறது. கொடைக்கானல் அன்று மதுரை மாவட்டம். 1985இல்தான் திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. ஆகவே மதுரையிலும் திண்டுக்கல்லிலும் சென்னையிலும் டில்லியிலும் இந்தக் காவல் பற்றிய கோப்புகளைத் தேடித் தொகுத்து, பட்டியல் அச்சிட்டு, மக்கள் முன் வைக்கவேண்டும். இது முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கைக்கு அரசை எதிர்பார்த்து நிற்கவேண்டியதில்லை. 1965இல் இருபது வயது இளைஞராக இருந்தவர் இன்று எண்பதைத் தாண்டியவர். அந்த மாளிகைக்குப் பால் ஊற்றியவர், விறகு சுமந்தவர், வாசலில் குளிரில் விறைத்துக் காவல் நின்றவர், தபால் கொண்டுபோனவர், ஏரிக்கரையில் அவரைக் கண்டவர் யாராவது இன்னும் இருப்பார்கள். கூக்காலிலும் பூம்பாறையிலும் பண்ணைக்காட்டிலும் தேடுங்கள். அவர்களை மட்டுமல்ல, மலைப் பாதை வருமுன் துரைமார்களை நாற்காலியில் வைத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து தோளில் சுமந்து ஏற்றினார்களே, அந்தச் சுமைகாரர்களின் பேரர்களைக் கேளுங்கள். காடு இழந்த பளியரைக் கேளுங்கள். 1845இல் முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்கப் பாதிரிமாரின் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. கல் சுமந்தவன் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

ஆவணம் படித்தவன் விளையாட்டு, பாட்டாளிக்கு அதனால் என்ன பயன் என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1980களில் இதே மலையில் நிறுவிய வெப்பமானித் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். பாதரசக் கழிவு வெளிப்பட்டு 2001இல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். பதினைந்தாண்டு! இத்தகைய போராட்டத்தில், யார் எந்தப் பிரிவில் எத்தனை நாள் வேலை பார்த்தார், எப்போது நோய் கண்டார் என்ற சீட்டுத்தானே ஆயுதம்? சீட்டு முதலாளி பெட்டியில் இருந்தால் தொழிலாளிக்கு மிஞ்சுவது அவன் வாய்ச்சொல். அதையும் எழுதி வைக்காவிட்டால் மிஞ்சுவது அவன் கல்லறை.

ஆகவே தோழர்களே! ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு தொழிற்சங்கத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் திறவுங்கள். கையில் இருக்கும் தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவி. மூத்தவர்களிடம் செல்லுங்கள். பெயர், ஊர், ஆண்டு கேட்டுக் குறியுங்கள். கண்டதைத் தனியே, கேள்விப்பட்டதைத் தனியே எழுதுங்கள். நமக்குப் பிடிக்காத செய்தியையும் அடிக்காமல் வையுங்கள். ஒரு படியைப் படிப்பகத்தில் வையுங்கள்; ஒன்றைப் பேசியவர் வீட்டில் கொடுங்கள்.

கதிரவனின் கறையை மறைக்காமல் பதிந்ததால் அந்த வானாய்வுக் கூடத்துக்குப் பெருமை. ஆட்சியின் கறையை மறைக்காமல் பதிவது எந்த ஆட்சிக்கும் சிறுமையாகாது. கோப்பைத் திறக்கும் பொறுப்பு அரசுக்கு. கிழவர்களின் வாயைத் திறக்கவைக்கும் பொறுப்பு நமக்கு. நாள் அதிகம் இல்லை, புறப்படுங்கள்!