கண்ணுக்குள் குளத்துப் புழு!

சங்கரன்கோவில் பக்கம் குளம் நிறைந்துவிட்டால் பையன்களைக் கரையில் நிறுத்த முடியாது. முங்கு நீச்சல்தான்!

சாயங்காலம் கண் சிவந்து வருவார்கள். "சூடு" என்பாள் தாய். விளக்கெண்ணெய் வைப்பாள்.

இரண்டு நாளில் மாறினால் சரி. மாறாவிட்டால்?

தென் தமிழ்நாட்டில் ஒரே கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குக் கண்ணில் சிறு கட்டி வந்தது. எல்லோரும் ஒரே குளத்தில் குளித்தவர்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் ஆராய்ந்து, 2001-ல் காரணத்தை வெளியிட்டார்கள். புழு!

இந்தப் புழுவின் குஞ்சு குளத்து நத்தையிலிருந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாது. மீனுக்குள் புகுந்து, மீன் தின்னும் பறவையின் குடலைச் சேரவேண்டியது, வழி தவறிப் பையன் கண்ணில் மாட்டிக்கொள்கிறது. எந்தப் புழு என்பதை 2016-ல் மரபணுவைக் கொண்டு கண்டார்கள். கண்ணின் உள்ளே கட்டி வந்தால் பார்வையே போகலாம்.

பையனை அடித்து என்ன பயன்? குளத்தைப் பூட்ட முடியுமா? கோவில் புற்றுமண் நெற்றியோடு இருக்கட்டும். கண்ணுக்கு டாக்டர்தான் வேண்டும்.

டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகுமே என்று தாய் தயங்குகிறாள். நியாயம்தானே! குளத்தில் தண்ணீர் கிடக்கும் மாதங்களிலாவது, கண் டாக்டர் பள்ளிக்கூடத்துக்கே வரவேண்டும்.