விரல் பழகப் பொருள் வேண்டும்

நுண்தசை இயக்கத் திறன், அதாவது விரல்களிலும் மணிக்கட்டிலும் உள்ள சிறு தசைகளைக் கண்ணின் வழிகாட்டலோடு இசைவாக ஆளும் திறன், மீண்டும் மீண்டும் செய்வதால்தான் கைவருகிறது என்பதில் ஆக்குபேஷனல் தெரபி துறையினருக்கும் முன்பருவக் கல்வி ஆசிரியர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நான்கு வயதுக் குழந்தையை அவ்வாறு மீண்டும் மீண்டும் செய்ய வைப்பது எப்படி என்பதே கேள்வி. கைவினை வேலைகளைக் கொடுத்து, முடித்ததும் கையில் ஒரு ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது இன்று பல இடங்களில் வழக்கமான விடையாக இருக்கிறது.

இவ்விடையின் குறையை 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர், படம் வரைவதில் ஏற்கெனவே நாட்டம் கொண்ட மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே அறிவித்தனர். பின்னர்த் தடையற்ற விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்றோரிடம் இந்தச் சரிவு காணப்படவில்லை. விரும்பிச் செய்ததையே கூலிக்குச் செய்ததாக மனம் கருதத் தொடங்கும் இந்நிலையை உளவியலார் மிகை நியாயப்படுத்தல் விளைவு என்பர். நாட்டமே இல்லாத குழந்தையை மேசைக்கு அழைத்துவரப் பரிசு பயன்படக்கூடும் என்பதை இவ்வாய்வு மறுக்கவில்லை. ஆனால் அங்கே அமர்ந்திருக்கச் செய்ய வேண்டியது வேறொன்று.

அந்த வேறொன்று, செய்யப்படும் பொருளே. கோலமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சீராக நழுவவிடுவதும், பனையோலைக் காற்றாடிக்கு மடிப்பைப் படிய வைப்பதும், களிமண்ணை உருட்டிப் பிள்ளையாருக்குத் துதிக்கை ஒட்டுவதும் விரல்நுனிப் பிடியையும் அழுத்தக் கட்டுப்பாட்டையும் வளர்க்கும் செயல்கள் எனினும், குழந்தை அவற்றைப் பயிற்சியாக அறிவதில்லை; வாசலுக்குக் கோலம் வேண்டும், காற்றாடி சுழல வேண்டும் என்பதே அதன் கணக்கு. செய்து முடித்ததும் கோப்பில் செருகப்படும் தாள்வேலைக்கு அத்தகைய பயன் இல்லாததால்தான் ஸ்டிக்கர் தேவைப்படுகிறது.

விருப்பம் இருந்தும் கை எட்டாதபோது குழந்தை விலகிவிடும். ஆகவே, புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை வகுத்த ஜீன் ஏயர்ஸ் வலியுறுத்திய சரியளவான சவால், அதாவது எளிதில் சலிக்காததும் முயன்றால் முடியக்கூடியதுமான வேலை, இங்கே அடிப்படையாகிறது. மெல்லிய தாளைவிடச் சற்றுத் தடித்த அட்டை கத்தரிக்கோலுக்கு எளிதில் அடங்கும். ஒரே வெட்டில் துண்டாகும் அகலத்தில் பட்டையாகக் கொடுத்தால் தொடக்கத்திலேயே வெற்றி கிட்டும். பல படிகள் கொண்ட வேலையில், பெரியவர் முற்படிகளை முடித்துக் கடைசிப் படியைக் குழந்தைக்கு விட்டு, நாளடைவில் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிக் கையளிக்கும் முறையும் பயன் தரும். காற்றாடியைக் குச்சியில் பொருத்தி முதலில் சுழலவிடும் மகிழ்ச்சி அப்போது முதல் நாளிலேயே குழந்தைக்குக் கிடைத்துவிடுகிறது. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு மணி, புளியங்கொட்டை போன்றவை தொண்டையில் சிக்கும் ஆபத்துடையவை என்பதால், மாவும் களிமண்ணுமே ஏற்றவை.

கோணலாக ஒட்டிய துதிக்கையைப் பெரியவர் நேராக்கும் கணத்தில் பொருள் குழந்தையினுடையதாக இராது; அதனோடு மறுபடி செய்யும் காரணமும் போய்விடும். எனவே குழந்தையின் முன்னேற்றத்தைக் குறிக்கும் பதிவேட்டில், எத்தனை மணி கோத்தது, எத்தனை கோடு வெட்டியது என்பவற்றுக்கு அருகே இன்னொரு கட்டமும் தேவை: மறுநாள் எவரும் அழைக்காமலே அக்குழந்தை அந்த மேசைக்கு வந்ததா? 1973இன் ஆய்வாளர்கள் அளந்ததும் அதைத்தான்.