டாப்பெட் வேலைக்கு வீடே பட்டறை
பழைய பைக் வைத்திருப்பவர் மெக்கானிக்கிடம் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "டாப்பெட் சத்தம் வருது, கொஞ்சம் பாருங்க." அவரும் எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார், மூடியைக் கழற்றுவார், ஒரு திருகு திருகுவார். சத்தம் அடங்கிவிடும். வண்டிக்காரர் திருப்தியாகக் கிளம்புவார்.

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரும்பாலான பழைய வண்டிகளில் வால்வின் நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தாக வேண்டும்; டாப்பெட் பார்ப்பது என்றால் அதைச் சரிபார்ப்பதுதான். 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100க்கு அது 0.05 மில்லிமீட்டர். சூட்டில் உலோகம் விரிவதற்காக விட்ட இடம் அது. கூடிப்போனால் டக் டக்கென்று தட்டும், வால்வு திறக்கும் அளவும் குறையும். அடியோடு இல்லாமல் போனால் சத்தமே வராது. ஆனால் வால்வு சீட்டில் முழுசாக உட்காராது. எக்சாஸ்ட் வால்வு வாங்கும் சூட்டில் பெரும்பகுதி, அது மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. சரியாக உட்காராத வால்வு கருகும், கம்ப்ரஷன் போகும், கடைசியில் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். லேசாகத் தட்டும் டாப்பெட்டைவிட, சத்தமே இல்லாத டைட் டாப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

இந்த அளவை எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். பட்டறைக்கு ஓட்டிப் போன வண்டியோ சூடாகத்தான் போய் நிற்கும். ஆறுவதற்கு மணிக்கணக்காகும். வாசலில் வண்டிகள் வரிசை கட்டியிருக்க, எந்த மெக்கானிக்கால் காத்திருக்க முடியும்? ராத்திரி முழுக்க வீட்டு வாசலில் நின்ற வண்டிக்கு அந்தப் பிரச்சினையே இல்லை.

சிடி 100இல் வேலையும் பெரிதல்ல. ஸ்பார்க் பிளக்கையும் ஹெட்டில் உள்ள டாப்பெட் மூடிகளையும் கழற்றிவிட்டு, இடது பக்க மேக்னெட் கவரில் உள்ள இரண்டு மூடிகளையும் திறக்க வேண்டும். உள்ளே தெரியும் நட்டை இடஞ்சுழியாகச் சுற்றினால் 'டி' குறி கோட்டுக்கு நேராக வரும். அப்போது இரண்டு ராக்கரும் விரலுக்கு லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. அந்த இடைவெளியில் 0.05 ஃபீலர் கேஜ் தகடு சற்றே உரசிக்கொண்டு நுழைந்தால் அளவு சரி; இல்லாவிட்டால் லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது முக்கியம். இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே நகர்ந்துவிடும்.

திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுக்கு ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். வலது பக்க டாப்பெட் மூடியைத் திறந்து, இரு வால்வும் மூடிய நிலையில் புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தால் போதும். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

பின்னால் வந்த யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் எஞ்சின்) புல்லட்டில் ஹைட்ராலிக் டாப்பெட் என்பதால் இந்த வேலையே கிடையாது. ஸ்க்ரூவுக்குப் பதிலாக ஷிம் தகடு வைத்த எஞ்சின்களில் கேம் ஷாஃப்டையே கழற்ற நேரலாம் என்பதால் அவற்றை வீட்டில் தொடாமல் இருப்பது நல்லது.

மற்ற பழைய வண்டிக்காரர்களில் கைவைக்கத் தயங்குபவர்கள், முந்தின நாள் சாயங்காலமே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, "காலையில ஸ்டார்ட் பண்ணாமலே டாப்பெட் பாருங்க" என்று சொல்லி வரலாம். கூலி கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடலாம். ஹெட் வேலையின் பில்லோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.