சும்மா இருக்கிற அம்மாவும் பௌர்ணமி வியாபாரமும்

"உங்க அம்மா என்ன பண்றாங்க?"

"வீட்ல சும்மா தான் இருக்காங்க. கொஞ்சம் இட்லி மாவு அரைச்சு விக்கிறாங்க, அவ்ளோதான்."

திருவண்ணாமலையில் எந்தக் கல்லூரி வகுப்பிலும் இப்படி ஒரு பதில் காதில் விழும். மாவுக்குப் பதிலாக தையல், பூ கட்டுவது, ஊறுகாய், மெஸ் சாப்பாடு என்று மாறும், அவ்வளவே. சும்மா இருப்பவர் எப்படி மாவு அரைத்து விற்பார் என்று மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை!

வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் நிறைய. காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள், அட்டவணை போடுங்கள், முதல் நாளே காய் நறுக்கி வையுங்கள், முகத்தில் சிரிப்பு மாறாமல் இருங்கள்... எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் "கொஞ்சம் குறைவாகத் தூங்குங்கள்" என்றுதான் வருகிறது. வீட்டையும் தொழிலையும் "பேலன்ஸ்" செய்வது அந்த ஒரு ஆளின் வேலை, மற்றவர்கள் பார்த்துப் பாராட்டினால் போதும் என்பதுதான் இதில் ஒளிந்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கே தப்பு.

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் வியாபாரம் சூடு பிடிக்கும் நாள் தீபாவளி, பொங்கல் என்று வருஷத்துக்கு சில தடவைதான். இங்கே மாதா மாதம் பௌர்ணமி. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடிய லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும். சின்ன ஓட்டல்காரருக்கு வழக்கத்தை விட பல மடங்கு மாவு வேண்டும், பூக்கடைக்கு சரம் வேண்டும். ஆர்டர் எல்லாம் வீடுகளுக்குத்தான் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே நாளில்தான் சென்னை சித்தப்பாவும் வேலூர் அத்தையும் கிரிவலம் வந்து, வீட்டில் இறங்கி, "அண்ணி, ஒரு காபி" என்பார்கள். கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம். பத்து நாள் திருவிழா, வீடு முழுக்க பாய். வியாபாரம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டு வேலையும் உச்சத்தில் இருக்கும் ஊர் இது. எந்த அட்டவணை இதைத் தாங்கும்?

தாங்காததை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டுமே. பெரும்பாலும் அது வீட்டில் இருக்கும் பெண் பிள்ளை. கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து மாவைத் தள்ளிக்கொண்டே மறுநாள் பரீட்சைக்குப் படிப்பவள். அண்ணன்காரன் வெளியே "டெலிவரி" போய்விட்டு வந்தால் அது உதவி, அவள் செய்தால் அது பழக்கம்!

இது ஒரு ஊரின் புலம்பல் இல்லை. மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி இது என்பதையும் கவனியுங்கள். 2019-ல் இதே கணக்கு 299-க்கு 97. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, சரி. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறதே, அது எதற்காம்? அந்த 289 நிமிடத்தோடு மாவு அரைக்கும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டுத் தொழில் என்பது இந்த மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. ஆரணிப் பட்டு யாருக்குத் தெரியாது? அங்கே தறி என்பது வீட்டுக்குள் இருக்கும் குழி. சமையலறைக்கும் தறிக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தால் பெரிய விஷயம். ஒருவர் தறியில் உட்கார, இன்னொருவர் தார் சுற்ற வேண்டும், அறுந்த பாவு இழையை முடிய வேண்டும். பக்கத்தில் காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலைக்கு இரண்டாவது ஆள் இல்லாமல் கரையே ஏறாது. ஆனால் கூலி ஒரு சேலைக்கு இவ்வளவு என்றுதான் வரும். அது தறியில் உட்கார்ந்தவரின் சம்பாத்தியம் ஆகிவிடும். தார் சுற்றியவர் "கூட மாட ஒத்தாசை". மாவு வியாபாரத்திலும் அதே கதைதான். அரிசி, உளுந்து, கரண்ட், பாக்கெட் என்று எல்லாவற்றையும் கூட்டி லாபம் பார்ப்பார்கள். அரைத்தவரின் நேரத்துக்கு மட்டும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தால்தான் லாபமே தெரிகிறது என்பதை யோசிப்பதில்லை.

வேறு மாதிரியும் செய்யலாம் என்று பம்பாயில் காட்டியிருக்கிறார்கள். 1959 மார்ச் 15, கிர்காவ் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள், கடனாக வாங்கிய 80 ரூபாயில் ஆரம்பித்ததுதான் லிஜ்ஜத் அப்பளம். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லோரும் அந்த 80 ரூபாயைத்தான் பேசுகிறார்கள். அதை விட கவனிக்க வேண்டியது, எந்த வேலை வீட்டுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்று அவர்கள் பிரித்த விதம். மாவு பிசைவது கிளையில், பாக்கெட் போடுவது, விற்பது, கணக்கு எல்லாம் வெளியே. உருட்டித் தேய்த்துக் காய வைப்பது மட்டும் வீட்டில். காய்ந்த அப்பளத்தைக் கொண்டுபோய் எடை போட்டால் கூலி அவர் கைக்கே வரும். உறுப்பினர்கள்தான் முதலாளிகளும். ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி "அக்கா, ரெண்டு பாக்கெட்" என்று யாரும் கேட்க முடியாது.

நம் ஊரில் ஒவ்வொரு வீடும் தனித்தனி அப்பள ஆபீஸ். வாங்குவது, அரைப்பது, விற்பது, கடனுக்குப் போனவர்களைத் துரத்துவது, எல்லாம் ஒரே ஆள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் தொடங்கின. கடன் வாங்க அவை கைகொடுத்தது நிஜம். ஆனால் நான்கு வீட்டு மாவை ஒரே இடத்தில் அரைக்கலாமே என்கிற அளவுக்கு எத்தனை தெருக்களில் போயிருக்கிறது?

2023 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு மாதம் 1000 ரூபாய் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்கு "உரிமைத் தொகை" என்று பெயர் வைத்தது. உதவித் தொகை இல்லை, உரிமை. ஊதியம் இல்லாமல் உழைப்பவர் என்ற ஒப்புதல் அது. 1000 ரூபாய் போதுமா என்பது வேறு சண்டை. அரசாங்கமே ஒப்புக்கொண்டதை வீட்டில் ஒப்புக்கொள்ள என்ன தடை?

ஒரு நோட்டு போதும். அரிசி, உளுந்து எழுதும் பக்கத்தில் "அம்மா, 4 மணி நேரம்" என்று ஒரு வரி எழுதி, பக்கத்திலேயே ஒரு தொகையும் போட்டு, அதை அவர் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கில் போடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாவு கிடையாது என்று கதவில் எழுதி ஒட்டுங்கள். பௌர்ணமிக்கு வரும் சித்தப்பாவுக்குக் காபி போட வீட்டில் இரண்டு கையோடு வேறு ஆளும் இருக்கிறார்கள். அந்த நோட்டில் லாபம் நஷ்டமாக மாறினால், இத்தனை நாள் அந்த வியாபாரத்தை நடத்தியது யாருடைய தூக்கம் என்று தெரிந்துவிடும்.

அடுத்த பௌர்ணமிக்கு முதல் நாள் அரிசியை யார் ஊற வைக்கிறார்கள், பார்ப்போம்.