பிறந்த அன்றே ஊசி எதற்கு?

பிரசவ வார்டுகளில் அடிக்கடி கேட்கும் வாக்குவாதம் இது. "பொறந்து ஒரு பொழுதுகூட ஆகலை. பச்சை உடம்புல ஊசியா? தொப்புள்கொடி விழட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று பாட்டி மறிப்பார். தகப்பன் தலையைச் சொறிவார்.

பாட்டியின் பயம் நியாயம்தான். ஆனால் இந்த ஊசிக்குக் கெடு 24 மணி நேரம்!

ஹெபடைடிஸ் பி, ஈரலைத் தாக்கும் கிருமி. தாயின் ரத்தத்தில் இருந்தால் பிரசவத்தின்போதே பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். "எம் மகளுக்கு மஞ்சக்காமாலையே வந்ததில்லையே!" என்பீர்கள். அங்கேதான் ஆபத்து. இந்தக் கிருமி உள்ள பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை.

பெரியவர்களுக்குத் தொற்றினால் 100க்கு 95 பேருக்கு மேல் தானாகவே குணமாகிவிடுகிறது. பிறக்கும்போது தொற்றினால் கதை தலைகீழ். 100க்கு 90 பிள்ளைகள் உடம்பில் கிருமி தங்கிவிடும். சத்தமே போடாது. பிள்ளை வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் முடிந்த பிறகு ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ தலைகாட்டும்.

ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. அதன் மேலுறைப் புரதம் மட்டுமே. அதனால் ஊசி போட்டு இந்த நோய் வராது.

"கீழாநெல்லி இருக்கே" என்பார்கள் சிலர். அதையும் சோதித்தாகிவிட்டது, நம் சென்னையிலேயே! இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் சேர்ந்து, சென்னைப் பல்கலைக்கழக தியாகராஜன் குழு 1988ல் வெளியிட்ட முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஊசியின் பலனோ நிரூபணமானது. 1984ல் தைவான் பிறந்த குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கியது. அங்கே பிள்ளைகளுக்கு வரும் ஈரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது.

நம் நாட்டில் 2011 முதல் எல்லா மாநிலங்களிலும் அரசு திட்டத்தில் இலவசம். பிறகும் ஏன் தவறுகிறது? பாட்டிமார்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஒரு பிள்ளைக்காக 10 பேர் மருந்துள்ள புட்டியைத் திறப்பதா என்று சில ஆஸ்பத்திரிகளில் தயங்குகிறார்கள். இது வீண் தயக்கம். திறந்த புட்டியை முறைப்படி குளிரில் வைத்தால் 4 வாரம் வரை பயன்படுத்த விதி இடம் தருகிறது. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை" என்பதும் சாக்குதான். கிருமிக்கு ஏது லீவு?

வீட்டுக்குக் கிளம்புமுன் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். முதல் ஊசிக்கான கட்டம் காலியாக இருந்தால் அங்கேயே கேளுங்கள். அடுத்த தவணைகள் 6, 10, 14வது வாரங்களில்.